அம்மாவின் ஒல்லாந்து வேரைத் தேடி ஒரு குடும்பப் பயணம்: எங்கிருந்து தொடங்குவது?

நெய்தல்மகள் எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

என் அம்மம்மா யாழ்ப்பாணத்துப் பறங்கிக் குடும்பம், அதாவது இலங்கைக்கு வந்த ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) வழி. வீட்டில் தமிழும் ஆங்கிலமும்தான் பேச்சு, ஆனால் குடும்பப் பெயர் ஒல்லாந்தப் பெயர். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு அவருடைய சகோதரர்கள் ஒவ்வொருவராக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அம்மம்மா ஒரு தமிழரைக் கல்யாணம் செய்து ஊரிலேயே இருந்துவிட்டார். கோட்டைக்குள் இருந்த பழைய ஒல்லாந்தர் கோவிலில்தான் தன் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1706 இல் கட்டிய கோவில், போரில் கல்லும் மண்ணுமாகப் போய்விட்டது. நாங்களும் பிறகு மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்தோம்.

இப்போது அம்மாவுக்கு 74 வயது. போன மாதம் திடீரென்று, "நம் ஆட்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்களோ, அந்த மண்ணை ஒருக்கால் மிதித்துவிட்டு வரவேண்டும் பிள்ளை" என்றார். தனக்கென்று எதையும் கேட்காத மனுஷி, அதனால் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருஷம் மே மாதம், 12 நாள், அம்மா, நான், கணவர், 13 வயது மகள், 9 வயது மகன்.

கையில் இருப்பது ஒரு குடும்ப வேதாகமம் மட்டும். அதன் முதல் பக்கங்களில் 1840கள் வரைக்கும் பிறப்பு இறப்பு எழுதியிருக்கிறது. அதற்கு மேலே வாய்க்கதைதான்: முதலில் வந்தவர் ஒரு கப்பல் கப்டன், ஊர் ஹோர்ன். இதை நம்பி ஹோர்னில் 7 இரவு தங்குவதற்கு வீடு பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் பணம் கட்டவில்லை. அங்கே போய் நகரசபையில் கேட்டால் பழைய பதிவுகள் காட்டுவார்களா? கல்லறைகள் இருக்குமா? அதே குடும்பப் பெயரோடு இருப்பவர்களைத் தேடிப் போகலாமா? அம்மாவுக்கு முழங்கால் நோவு, அதிகம் நடக்க ஏலாது. இந்த வழியில் போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கந்தோர் எழுதியது:

தங்கச்சி, வீட்டுக்குப் பணம் கட்டாமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. நான் ஹேக் நகரத்துப் பக்கம் 30 வருஷத்துக்கு மேல் இருக்கிறேன், இப்படி வந்த நாலைந்து குடும்பங்களோடு ஆவணக் காப்பகத்துக்கு அலைந்திருக்கிறேன். எல்லாரும் செய்யும் பிழை ஒன்றுதான். ஊரை முதலில் முடிவு செய்துகொண்டு வந்து, ஆளை அங்கே தேடுகிறார்கள். ஆளைக் கண்டுபிடித்தால் ஊர் தானாக வரும். அந்த ஆளை நீங்கள் மெல்பேர்ணில் இருந்துகொண்டே பிடிக்கலாம்.

முதல் வேலை இலங்கைப் பக்கத்தில். கொழும்பில் 1908 இல் தொடங்கிய டச்சு பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வம்ச வரிசையை அச்சிட்டிருக்கிறது, பழைய இதழ்களை இணையத்திலேயே வாசிக்கலாம். உங்கள் வேதாகமத்தில் உள்ள 1840களின் பெயர் அதில் எங்காவது வந்தால் அங்கிருந்து மேலே ஏறிப் போகலாம். பல வரிசைகள் இன்னார், இந்த வருஷம், இந்தக் கப்பலில் இலங்கைக்கு வந்தார் என்றுதான் தொடங்கும். கப்பல் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஏனென்றால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சம்பளப் பேரேடு வைத்திருந்தது. 18ஆம் நூற்றாண்டுக்கு அவற்றில் பெரும்பகுதி தப்பியிருக்கிறது, இங்கே ஹேக்கில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதைப் பெயர்வாரியாக அட்டவணை போட்டு இலவசமாக இணையத்தில் விட்டிருக்கிறார்கள், 'ஒப்ஃபாரெண்டன்', அதாவது கப்பலில் போனவர்கள், என்ற பெயரில். ஆளின் பெயர், சொந்த ஊர், என்ன வேலை, எந்தக் கப்பல், எப்போது புறப்பட்டார், எப்போது எப்படிச் சேவை முடிந்தது, எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். பேரேட்டின் படத்தையும் அங்கேயே திறந்து பார்க்கலாம். அதில் இரண்டு இடத்தைக் கவனமாகப் பாருங்கள். ஒன்று கடன் சீட்டு. வேலை தேடி வந்த ஏழைப் பொடியன்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுத்து வைத்திருந்து, கம்பனியில் சேர்த்துவிட்டு, அந்தச் செலவை அவன் சம்பளத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் ஆட்கள் அன்றைக்கு இருந்தார்கள், அந்தக் கடன்தான் அது. மற்றது மாதச் சீட்டு. ஊரில் விட்டுவிட்டு வந்த மனைவிக்கோ தாய்க்கோ வருஷத்தில் சில மாதச் சம்பளத்தைக் கொடுக்கும்படி எழுதிவைப்பது. அது இருந்தால் வாங்கியவரின் பெயர் பேரேட்டில் இருக்கும், அதாவது இன்னொரு தலைமுறை கையில் கிடைக்கும்.

எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பான். முதல் எழுத்தே மாறியிருக்கும். உங்கள் பெயர் யான்ஸ், பீட்டர்ஸ் மாதிரித் தகப்பன் பெயரிலிருந்து வந்ததென்றால் இன்னும் சிக்கல், ஏனென்றால் அந்தக் காலத்தில் அது குடும்பப் பெயரே அல்ல, யானின் மகன், பீட்டரின் மகன் என்பதுதான், அடுத்த தலைமுறையில் மாறிவிடும். நெதர்லாந்தில் எல்லாரும் நிலையான குடும்பப் பெயர் பதிய வேண்டும் என்று வந்தது 1811 இல், நெப்போலியன் ஆட்சியில். உங்கள் ஆள் அதற்கு முன்பே இலங்கையில். அதனால் அதே பெயர் உள்ளவர்களைத் தேடிக் கதவு தட்டுவதில் அர்த்தம் இல்லை, உறவே இல்லாதவர்களாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கல்லறை பற்றிக் கேட்டீர்கள். இங்கே குழியைப் பெரும்பாலும் குத்தகைக்குத்தான் எடுப்பது. 10, 20 வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்க ஆள் இல்லையென்றால் கல்லை எடுத்துவிட்டு வேறு ஆளை அடக்கம் செய்வார்கள். 250 வருஷத்துக்கு முந்திய ஒரு சாதாரண மனிதனின் கல்லறை இருக்கும் என்று அம்மாவுக்கு ஆசை காட்டி வைக்காதீர்கள். தேவாலயங்களின் தரையில் பதித்த பழைய கற்கள் இருக்கும், அவை அநேகமாக வசதியானவர்களுடையவை.

நகரசபைக்குப் போகவே தேவையில்லை. 1811க்கு முந்திய ஞானஸ்நான, திருமணப் பதிவுகள் அந்தந்த மாகாண, நகரக் காப்பகங்களில், பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும். இன்னொன்று, முக்கியம்: படம் எடுத்து இணையத்தில் போட்ட ஏட்டின் மூலத்தைக் காப்பகத்தில் பொதுவாகக் கையில் தரமாட்டார்கள். அம்மா அந்தத் தாளை நேரே பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். நல்ல அச்சாகப் பெரிதாக எடுத்து வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

வல்வை ரவி எழுதியது:

கந்தோர் அண்ணா தேடலைச் சொல்லிவிட்டார், நான் பிள்ளைகள் பக்கம் சொல்கிறேன். போன வருஷம் என் இரண்டு பொடியன்களோடு போனோம். ஆம்ஸ்டர்டாம் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வெளியே தண்ணீரில் ஒரு கம்பனிக் கப்பல் நிற்கிறது. 'ஆம்ஸ்டர்டாம்' என்றுதான் பெயர், 1749 இல் முதல் பயணத்திலேயே இங்கிலாந்துக் கரையில் சிக்கி அழிந்த கப்பலின் மாதிரி. கீழ்த்தட்டுக்குள் இறங்கினால் பெரியவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும். ஏறக்குறைய எட்டு மாதம் இதற்குள்ளேயா என்று என் பெரியவன் கேட்டான், அதற்குப் பிறகு அன்று முழுக்கக் கைபேசியைத் தொடவில்லை.

அதைவிட எனக்கு மனதில் நிற்பது டெக்செல் தீவு. டென் ஹெல்டரிலிருந்து படகில் 20 நிமிஷம்தான். கிழக்கே போன கப்பல்கள் காற்றுக்காக அந்தத் தீவுக்குப் பக்கத்தில்தான் நங்கூரம் போட்டு வாரக்கணக்கில் காத்துக் கிடக்கும். அங்கே பழைய கிணறுகள் இருக்கின்றன. அந்தத் தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம், பீப்பாயில் நாள்பட நல்லாயிருக்கும் என்று கப்பல்களுக்கு அதைத்தான் வாங்குவார்கள், விற்ற காசு தீவின் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்குப் போகும். உங்கள் ஆள் ஹோர்ன், ஆம்ஸ்டர்டாம் பக்கத்துக் கப்பலில் போயிருந்தால் தன் நாட்டில் கடைசியாகக் குடித்தது அநேகமாக அந்தத் தண்ணீர்தான். அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். கிணற்றடி வரைக்கும் வாடகைக் காரில் போகலாம், நடை குறைவு. ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் வங்கி அட்டையையே தட்டி ஏறலாம், இறங்கும்போதும் தட்ட மறக்காதீர்கள்.

பறங்கித்தெரு எழுதியது:

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் தயாரிப்பு இல்லாமல் போய் மனம் உடைந்தவர்கள். அப்பாவின் முன்னோர் சீலாந்து மாகாணத்து மிடெல்பர்க் என்று வம்ச வரிசையில் தெளிவாக இருந்தது. நாலு பேர், நாலு நாள், நேரே மிடெல்பர்க். அங்கேயுள்ள காப்பகத்தில் ஒரு அம்மா மிகவும் மரியாதையாக உட்காரவைத்துச் சொன்னார்: 1940 மே மாதம் போரில் ஊரின் நடுப்பகுதி எரிந்தபோது பழைய தேவாலயப் பதிவுகளும் எரிந்துபோயின. அப்பா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து ஆற்றாமையோடு அந்தச் சதுக்கத்தில் நின்றார். யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவை ஊரிலிருந்து பார்த்தவர் அவர். "இங்கேயுமா" என்று மட்டும் கேட்டார்.

பிறகுதான் தெரிந்தது, கம்பனியின் சீலாந்துப் பிரிவுச் சம்பளப் பேரேடுகள் ஹேக்கில் பத்திரமாக இருக்கின்றன என்று. எங்கள் ஆளின் பெயர் அதில் இருந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு, மேசையில் உட்கார்ந்து, 10 நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். அந்த 10 நிமிஷத்தைப் போவதற்கு முன்னால் செலவழித்திருந்தால் அப்பா அந்தச் சதுக்கத்தில் வேறு மாதிரி நின்றிருப்பார். அதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டெல்ஃப்ட் நகரத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள், உங்கள் ஆள் எந்த ஊரென்றாலும் சரி. நம் நெடுந்தீவுக்கு அவர்கள் வைத்த பெயர் டெல்ஃப்ட், இன்றைக்கும் அந்தப் பெயர் இருக்கிறது. ஊர்காவற்றுறை இருக்கும் தீவுக்கு லெய்டன், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்றும் வைத்தார்கள், அவை நிலைக்கவில்லை. 1658 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தமிழ் படித்த போதகர் பால்டேயுஸ் டெல்ஃப்ட்டில் பிறந்தவர். கம்பனியின் பழைய கட்டடம் கால்வாய்க் கரையில் நிற்கிறது. அப்பா அங்கே கொஞ்சம் தெளிந்தார். தெருவில் பலகைகளை வாசித்துக்கொண்டே நடந்தார்: கந்தோர் என்று போட்டிருக்கிறது, நொத்தாரிசு என்று போட்டிருக்கிறது, அவர் வாழ்நாள் முழுக்கத் தமிழென்று பேசிய சொற்கள்.

நெய்தல்மகள் எழுதியது:

மூன்று வாரமாகப் பதில் போடவில்லை, மன்னிக்கவும். ஒவ்வொரு இரவும் பிள்ளைகள் படுத்த பிறகு இதே வேலைதான்.

கிடைத்துவிட்டார்.

பறங்கியர் சங்கச் சஞ்சிகையில் எங்கள் வரிசை இருந்தது. 1760களில் வந்ததாக ஒரு கப்பல் பெயரோடு, 'ஹோர்ன்' என்றும் போட்டிருந்தது. கந்தோர் அண்ணா சொன்ன அட்டவணையில் எங்கள் பெயரைத் தட்டினேன், ஒன்றும் வரவில்லை. பெயரை விட்டுவிட்டு அந்தக் கப்பலில் அந்த வருஷம் போன அத்தனை பேரையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். முதல் எழுத்து மாறி, நடுவில் ஓர் எழுத்து கூடி, அவர்தான், முதற்பெயரும் சரி. ஹோர்ன் என்பது அவருடைய ஊர் அல்ல, அவர் போன கப்பல்தான் கம்பனியின் ஹோர்ன் பிரிவைச் சேர்ந்தது. சொந்த ஊர் என்ற இடத்தில் வேசெல் என்று இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் ரைன் நதிக்கரையில், இன்றைய ஜெர்மனியில், எல்லைக்குக் கிட்ட. கப்டனும் அல்ல. சிப்பாய், மாதம் 9 கில்டர்.

கடன் சீட்டும் இருக்கிறது, மாதச் சீட்டும் இருக்கிறது. மாதச் சீட்டு தாய்க்கு. பேரேட்டுப் படத்தில் அந்தத் தாயின் பெயரை மகள்தான் எழுத்தெழுத்தாகப் பிரித்து வாசித்தாள். அந்தத் தாய் பணம் வாங்கியது மூன்று தரம் பதிவாகியிருக்கிறது, அப்புறம் வெறும் தாள்.

அம்மாவிடம் கப்டன் இல்லை என்று சொல்லத் தயங்கினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தாய்க்குக் காசு அனுப்பினவனா?" ஓம் என்றேன். அச்செடுத்த தாளை வேதாகமத்துக்குள் வைத்துவிட்டார்.

இனி என்ன செய்வது? 12 நாளில் ஜெர்மனியும் சேர்க்க முடியுமா?

தோம்பு எழுதியது:

வாழ்த்துகள் தங்கச்சி. வாசித்துக்கொண்டே கண் நிறைந்துவிட்டது. கம்பனியில் போனவர்களில் ஜெர்மன்காரர், ஸ்கண்டிநேவியர், சுவிஸ்காரர் ஏராளம், சிப்பாய்களில் இன்னும் அதிகம். இரண்டு நூற்றாண்டில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் ஆசியாவுக்குக் கப்பல் ஏறினார்கள், திரும்பி வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. அந்தத் தாய் காத்திருந்த மாதிரி எத்தனையோ தாய்மார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். நாங்கள் எல்லாரும் அந்த ஒரு ஆணின் பின்னாலேயே போகிறோம். 1760களில் வந்தவர் என்றால் உங்கள் பிள்ளைகளுக்கு எட்டு ஒன்பது தலைமுறை மேலே. எட்டுத் தலைமுறை மேலே ஒருவருக்கு 256 முன்னோர். அவர் அதில் ஒருவர். அவர் யாரைக் கல்யாணம் செய்தார்? சங்கத்தின் வம்ச வரிசைகள் ஆண் வழியை வைத்துத்தான் போட்டவை, ஆரம்பத்தில் அங்கே உறுப்பினராகவே ஐரோப்பிய ஆண் வழி அறாமல் இருக்க வேண்டும். அதனால் மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது, அல்லது பெயரே இருக்காது. அந்தக் காலத்துச் சிப்பாய் ஒருவன் இலங்கையில் கல்யாணம் செய்தது பெரும்பாலும் அங்கேயே பிறந்த பெண்ணை: போர்த்துக்கேயக் கலப்புக் குடும்பத்துப் பெண், தமிழ்ப் பெண், சிங்களப் பெண். பதிவில் வெறும் முதற்பெயரும் 'கொச்சியின்', 'வங்காளத்தின்' என்று ஓர் இடப்பெயரும் மட்டும் இருந்தால், அவள் அடிமையாகக் கொண்டுவரப்பட்டு விடுதலை பெற்றவளாக இருக்கவும் கூடும். கம்பனி அந்த வியாபாரமும் செய்தது. அதைத் தெரிந்துகொண்டு போவதுதான் முழுத் தேடல் என்று நான் நினைக்கிறேன்.

கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத் தோம்புகள் இருக்கின்றன. நம் காணி உறுதிகளில் வரும் அதே தோம்புதான். காணி, தலைவர், குடும்பம் என்று ஊர் ஊராக எழுதிவைத்தார்கள், பள்ளித் தோம்பில் ஞானஸ்நானமும் திருமணமும் வரும். 1757 இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயத்திலும் பழைய பதிவுகள் உண்டு. அம்மாவின் கால் இடம் கொடுத்தால் திரும்பும் வழியில் கொழும்பில் மூன்று நாள் இறங்குங்கள். அந்தப் பெண்ணின் பெயர் அங்கேதான் கிடைக்கும்.

கந்தோர் எழுதியது:

தோம்பு அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

வேசெலுக்குத் தாராளமாகப் போகலாம். நெதர்லாந்தின் ஆர்னெமிலிருந்து ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் போகும் ரயில் வேசெலில் நிற்கும். அந்தப் பாதையில் வேலை நடந்து பஸ் விடுவதும் உண்டு, அதனால் புறப்படுகிற வாரம் ஒருதரம் பாருங்கள். முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவையுங்கள்: 1945 பெப்ரவரி, மார்ச் குண்டுவீச்சில் அந்த ஊர் 97 சதவீதம் அழிந்தது. பழைய தெருவென்று ஒன்றும் மிஞ்சவில்லை. பெரிய தேவாலயத்தைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ரைன் அங்கேதான் ஓடுகிறது. அந்தப் பகுதியிலிருந்து ஒல்லாந்துக்கு வேலை தேடி வந்தவர்கள் நடந்தும் வந்தார்கள், அந்த ஆற்றில் படகிலும் வந்தார்கள். கரையில் உட்கார வாங்கு இருக்கிறது, அம்மா எவ்வளவு நேரமும் இருக்கலாம்.

என் கணக்குப்படி: வேசெலில் இரண்டு இரவு, அங்கிருந்து அவர் போன திசையிலேயே மேற்கே வாருங்கள். ஹேக்கில் மூன்று இரவு, டெல்ஃப்ட் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆம்ஸ்டர்டாமில் இரண்டு, ஹோர்ன் அங்கிருந்து பகலில் போய் வரும் தூரம், பழைய துறைமுகத்தை மட்டும் பாருங்கள். கடைசியாக டெக்செல் ஒரு இரவு. மிச்சம் நாலு இரவைக் கொழும்புக்கு வையுங்கள். ஹேக்குக்கு வரும்போது சொல்லுங்கள், என் மனைவி சமைப்பார்.

நெய்தல்மகள் எழுதியது:

அப்படியே செய்கிறோம் அண்ணா. ஹோர்ன் வீட்டை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். கொழும்பு வழியாகத் திரும்பும் விமானத்தையும் இன்று பதிந்தாயிற்று, அம்மாவுக்குச் சக்கர நாற்காலியும் சொல்லிவைத்தேன். தோம்பு அக்கா, சுவடிகள் திணைக்களத்தில் வாசகர் அனுமதிக்கு என்ன கொண்டுபோக வேண்டும் என்று உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன், நேரமிருக்கும்போது பாருங்கள்.

மகன் ஒரு வெறும் போத்தலைக் கழுவி எடுத்துவைத்திருக்கிறான், டெக்செல் கிணற்றுக்கு. மகள் ஒரு கொப்பியில் மரம் வரையத் தொடங்கியிருக்கிறாள். சிப்பாயின் பெயருக்கு மேலே தாயின் பெயர், பக்கத்தில் ஒரு வெறும் பெட்டி. அதற்குள் பென்சிலால் 'கொழும்பு' என்று எழுதியிருக்கிறாள்.